மேலாண்மைப் படிப்புக்கு ஆய்வு முன்மொழிவு: முதல் முறை எழுதுபவருக்கு

எம்பிஏ கடைசிப் பருவத்திலோ முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதோ "புரபோசலைக் கொடுங்கள்" என்பார்கள். கூடவே ஒரு பக்கப் படிவம் வரும். அறிமுகம், ஆய்வுச் சிக்கல், நோக்கங்கள், முன்னாய்வுகள், ஆய்வு முறை, கால அட்டவணை என்று தலைப்புகள் மட்டும் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை, முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து எழுதப்போகிறவர்களாவது சுலபமாகக் கடக்கட்டும்.

முன்மொழிவைப் படிப்பவர் உங்கள் தலைப்பு எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்லை. கொடுத்த மாதங்களுக்குள், கையில் இருக்கும் பணத்தில் இந்த மாணவர் இதை முடித்துவிடுவாரா என்றுதான் பார்க்கிறார். கீழே உள்ள எல்லா வேலையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். பல கிளைகள் உள்ள ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். விற்பனைப் பணியாளர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது அவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

1. எழுதத் தொடங்கும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

துறை அலுவலகத்திலிருந்து நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: முன்மொழிவுக்கான படிவம், மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்ற தாள், அறநெறிக் குழு (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு) விண்ணப்பப் படிவம், முன்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றிரண்டு முன்மொழிவுகள். கடைசியாகச் சொன்னதுதான் தங்கம். அலுவலகத்தில் தர மறுத்தால் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். எத்தனை பக்கம், எந்த மேற்கோள் முறை, முறையியல் பகுதி எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதெல்லாம் அதைப் பார்த்தாலே பிடிபடும்.

மதிப்பெண் தாளைச் சும்மா மடித்து வைக்காதீர்கள். ஆய்வு முறைக்கு அதிக மதிப்பெண் என்றால் அறிமுகத்தில் நாலு பக்கம் வளர்த்துவதில் பயனில்லை.

2. தலைப்புக்கு முன்னால் தரவு

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது இங்கேதான். கவர்ச்சியான தலைப்பைப் பிடித்து, நெறியாளரிடம் ஒப்புதல் வாங்கி, பத்துப் பக்கம் எழுதி முடித்த பிறகு நிறுவனத்தின் கதவைத் தட்டுவார்கள். "ஊழியர்களிடம் இதையெல்லாம் கேட்க முடியாது" என்று மனிதவளத் துறை ஒரே வரியில் முடித்துவிடும்.

தலைப்பைப் பூட்டும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தரவு யாரிடம் இருக்கிறது? அதைத் தர அனுமதிக்கும் அதிகாரம் யாருக்கு? அந்த ஆளை நான் நேரில் அணுக வழி இருக்கிறதா? மூன்றாவதுக்கு "இல்லை" என்றால் தலைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நிறுவனம் சரி என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பண்ணிக்கோங்க" என்று சொன்ன மேலாளர் இரண்டு மாதத்தில் வேறு கிளைக்கு மாறிப் போகலாம். கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தப் பிரிவில் ஆய்வு, எத்தனை பேரை அணுகலாம், எந்த மாதங்களில், அறிக்கையில் நிறுவனத்தின் பெயரைப் போடலாமா கூடாதா. நிறுவனத்தின் தலைப்புத்தாளில், கையொப்பத்தோடு. இந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். அதற்குள் கிடைத்தால் லாபம்.

நிறுவனங்களில் யாரையும் தெரியாதா? அப்படியானால் அனுமதியே தேவைப்படாத தரவுப் பக்கம் திரும்புங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எல்லோருக்கும் திறந்தவை. உலக வங்கியின் நாடுவாரிப் புள்ளிவிவரங்களை இலவசமாகத் தரவிறக்கலாம். நிறுவனங்களிடம் அது நடத்தும் 'என்டர்பிரைஸ் சர்வே' தரவையும் பதிவு செய்துகொண்டு ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். நிதி மேலாண்மை படிப்பவர்களுக்கு இதுவே சுருக்கமான வழி. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு அலையாமல் நல்ல ஆய்வு செய்ய முடியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

3. சிக்கலை நாலு வரியில் சொல்லுங்கள்

ஆய்வுச் சிக்கல் என்ற தலைப்பின் கீழ் "இன்றைய போட்டி நிறைந்த உலகில் மனிதவளம் மிக முக்கியமானது" என்று தொடங்கும் முன்மொழிவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்.

நாலே நாலு வரி போதும். என்ன நடக்கிறது? அதனால் யாருக்கு என்ன இழப்பு? இதைப் பற்றி இதுவரை தெரிந்தது என்ன? தெரியாதது என்ன? நம் உதாரணத்தில்: கிளைகளில் விற்பனைப் பணியாளர்கள் ஓராண்டு நிறைவதற்குள் விலகுகிறார்கள். ஒவ்வொரு விலகலும் புது ஆள் தேடும் செலவு, பயிற்சிச் செலவு என்று வந்து விழுகிறது. சம்பளத்துக்கும் விலகலுக்கும் உள்ள தொடர்பைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஷிப்ட் எவ்வளவு முன்னதாகத் தெரிவிக்கப்படுகிறது என்பதற்கும் விலகும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பு இத்தகைய கடைகளில் போதிய அளவு ஆராயப்படவில்லை.

அந்தக் கடைசி வரிதான் ஆய்விடைவெளி. "இதுவரை யாருமே ஆராயவில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் ஒருவர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரைத் திறந்து ஐந்து கட்டுரைகளைக் காட்டிவிடுவார். "இந்தத் துறையில், இந்த வகைப் பணியாளர்களிடம், இந்தக் கோணத்தில் குறைவு" என்று எல்லை கட்டி எழுதினால் யாரும் அசைக்க முடியாது.

4. கேள்வி, நோக்கம், கருதுகோள்

மூன்றும் ஒரே விஷயத்தின் மூன்று வடிவங்கள். "ஷிப்ட் அட்டவணையின் முன்னறிவிப்பு நாட்களுக்கும் விலகும் எண்ணத்துக்கும் தொடர்பு உண்டா?" என்பது கேள்வி. "அந்தத் தொடர்பை அளவிடுதல்" என்பது நோக்கம். "முன்னறிவிப்பு நாட்கள் கூடும்போது விலகும் எண்ணம் குறையும்" என்பது கருதுகோள். ஒரு கேள்விக்கு ஒரு நோக்கம், ஒரு கருதுகோள் என்று எண் போட்டு எழுதுங்கள். கேள்வி மூன்று, நோக்கம் ஏழு, கருதுகோள் ஐந்து என்று வந்தால் எங்கோ உதைக்கிறது என்று பொருள். நேர்காணல் வழியாகச் செய்யும் பண்புசார் ஆய்வுக்குப் பொதுவாகக் கருதுகோள் வேண்டியதில்லை, கேள்வி போதும்.

இரண்டு அல்லது மூன்று கேள்விகளுக்கு மேல் போகாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது: 'தாக்கம்' என்ற சொல். "ஷிப்ட் அட்டவணையின் தாக்கம்" என்று தலைப்பு வைத்துவிட்டு, ஒரே ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்துத் தரவு எடுப்பதாக எழுதினால் கேள்வி உறுதி. ஒரே நேரத்தில் எடுத்த தரவால் எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது. விலக முடிவெடுத்தவர்களுக்கு மேலாளர் அட்டவணையைத் தாமதமாகக் கொடுத்திருக்கலாம் அல்லவா? 'தொடர்பு' என்று தலைப்பு வையுங்கள். தாக்கம்தான் வேண்டும் என்றால் இரண்டு கட்டமாகத் தரவு எடுக்க வேண்டும், அல்லது சில கிளைகளில் அட்டவணை முறையை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் படிப்புக் காலம் போதுமா என்று முதலில் பாருங்கள்.

5. முன்னாய்வுகள்

தேடலை கூகுள் ஸ்காலரில் தொடங்கலாம். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரு கட்டுரை கிடைத்ததும், அதன் மேற்கோள் பட்டியலைப் பார்த்துப் பின்னோக்கிப் போங்கள். பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்ற இணைப்பைச் சொடுக்கி முன்னோக்கி வாருங்கள். நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கினால் இருபது தானாக வரும். கட்டணம் கேட்கும் கட்டுரைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். கல்லூரி நூலகக் கணக்கில் பாருங்கள், 'அன்பேவால்' என்ற இலவச நீட்சியைப் பிரவுசரில் போட்டுப் பாருங்கள், இரண்டும் கைகொடுக்காவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் அனுப்பித் தருவார்கள்.

படிக்கும்போதே ஓர் அட்டவணை போடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, எந்தத் துறை, எத்தனை பேர், எந்த முறை, என்ன கண்டார், எதை விட்டுவிட்டார். கடைசி நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் படித்தால் உங்கள் ஆய்விடைவெளி அங்கேயே தெரியும். எழுதும்போது "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று வரிசையாக அடுக்க வேண்டாம். கருத்து வாரியாகத் தொகுங்கள். யார் யாரோடு முரண்படுகிறார் என்பதைச் சொல்லுங்கள்.

கோட்பாடு ஒன்றாவது வேண்டும் என்பார்கள். புதிய தொழில்நுட்பத்தைப் பணியாளர்கள் ஏற்பது பற்றியென்றால் டேவிஸ் 1989-இல் தந்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி பொருந்தும். நம் உதாரணத்துக்குச் சமூகப் பரிமாற்றக் கோட்பாடு சரியாக வரும்: நிறுவனம் மதித்தால் பணியாளரும் தங்குவார். ஒன்றை எடுத்து உங்கள் மாறிகளோடு, அதாவது நீங்கள் அளக்கப்போகும் விஷயங்களோடு, கட்டிக் காட்டினால் போதும். நாலைந்து கோட்பாடுகளின் பெயரைத் தூவி வைப்பதில் அர்த்தமில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மேற்கோள் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் அச்சு அசலாக இருக்கும்; அப்படியொரு கட்டுரையே இருக்காது. ஒவ்வொரு மேற்கோளின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கென்று தரப்படும் தனி அடையாள எண்) டிஓஐ தளத்தில் இட்டு, அதே கட்டுரைதான் திறக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு போலி மேற்கோள் பிடிபட்டாலும் மீதி முன்மொழிவை யாரும் நம்ப மாட்டார்கள்.

6. ஆய்வு முறை

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கும் வேறொருவர் உங்களிடம் எதுவும் கேட்காமலே அந்த ஆய்வைச் செய்ய முடிய வேண்டும். அந்த அளவுக்கு விவரம் வேண்டும்.

மாதிரி எத்தனை பேர்? "100 பேரிடம் எடுப்பேன்" என்று எழுதினால் ஏன் 100 என்று கேட்பார்கள். எண்ணுக்குக் காரணம் காட்டப் பலரும் எடுப்பது கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணை. மொத்தம் 500 பேர் என்றால் 217, 1,000 பேர் என்றால் 278, 10 லட்சம் பேர் என்றாலும் 384 என்று அதில் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, பதில் சொன்னவர்களை எடுத்துக்கொள்வது வசதி மாதிரி. அதற்கு இந்த அட்டவணையைக் காரணம் காட்டினால் விவரம் தெரிந்தவர் உடனே நிறுத்துவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள். பணியாளர் மொத்தமே 500 பேர், பத்தில் நாலு பேர் பதில் சொல்வார்கள் என்று வையுங்கள். எல்லோரிடமும் கேட்டாலும் 200தான் வரும், 217 வராது. இதை முன்மொழிவிலேயே கணக்குப் போட்டு, இன்னொரு நிறுவனத்தையும் சேர்க்கிறேன் என்றோ நேரில் போய் வாங்குகிறேன் என்றோ எழுதிவிடுங்கள்.

கருதுகோளைச் சோதிக்கும் ஆய்வு என்றால் வேறு வழியும் இருக்கிறது. 'ஜி-பவர்' என்ற இலவச மென்பொருளில் சோதனையின் திறனை (உண்மையில் இருக்கும் தொடர்பைச் சோதனை பிடிக்கும் வாய்ப்பை) வைத்து எண்ணைக் கணக்கிடலாம். மூன்று சாரா மாறிகள் (காரணமாக எடுத்துக்கொள்பவை) கொண்ட பன்மடி ரிக்ரெஷன், நடுத்தர விளைவு அளவு (தொடர்பின் வலிமை) 0.15, பொருண்மை மட்டம் (ஆல்ஃபா, இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, திறன் 0.80 என்று கொடுத்தால் 77 என்று வரும். சின்ன நிறுவனத்தில் ஆய்வு செய்பவருக்கு இது பெரிய நிம்மதி. விளைவு நடுத்தரமாக இருக்கும் என்று எதை வைத்து எடுத்தீர்கள் என்பதற்கு மட்டும் முந்தைய ஆய்வு ஒன்றைக் காட்டத் தயாராக இருங்கள்.

நேர்காணல் ஆய்வில் எண்ணிக்கைக் கணக்கே வேறு. புதிய கருத்து எதுவும் வராத நிலை வரும்வரை போவதுதான் முறை. ஒரே மாதிரிச் சூழலில் உள்ளவர்களிடம் பேசினால் சுமார் 12 நேர்காணல்களிலேயே அந்த நிலை வரக்கூடும் என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதை ஆதாரமாக வைத்து 12 முதல் 15 என்று எழுதலாம். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். நேர்காணல் சுலபம் என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வித்தாளை நீங்களே உருவாக்காதீர்கள். சோதித்துப் பார்த்த அளவுகோல்கள் (ஒன்றை அளக்கவென்றே உருவான கேள்வித் தொகுப்புகள்) ஏராளமாக இருக்கின்றன. சேவைத் தரத்தை அளக்க 22 கூற்றுகள் கொண்ட 'செர்வ்குவால்', பணி ஈடுபாட்டை அளக்க 'யூட்ரெக்ட்' அளவுகோல், பணித் திருப்திக்கு ஸ்பெக்டரின் 36 கூற்று அளவுகோல் என்று உண்டு. எடுப்பதற்கு முன் உரிம விதியைப் படியுங்கள். ஸ்பெக்டருடையதும் யூட்ரெக்ட்டும் வணிக நோக்கமற்ற ஆய்வுக்கு இலவசம். பணிச்சோர்வை அளக்கும் 'மாஸ்லாக்' அளவுகோலும், தலைமைப் பண்பை அளக்கும் 'எம்எல்கியூ'வும் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியவை. இது தெரியாமல் அவற்றை முன்மொழிவில் எழுதிவிட்டால் ஒப்புதல் கிடைத்த பிறகு புதுச் செலவு முளைக்கும்.

பதில் சொல்பவர்களுக்கு அளவுகோலின் மொழி வசதிப்படாது என்றால் மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி மூலமொழிக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிடுவதுதான் ஏற்கப்பட்ட முறை. இதற்கு இரண்டு வாரமாவது ஆகும். பிறகு சுமார் 30 பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து முன்னோட்டம். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். முன்னோட்டத்தில் பதில் சொன்னவர்களை முதன்மை ஆய்வில் மறுபடி சேர்க்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, ஒவ்வொரு கருதுகோளுக்கும் எதிரே எந்தச் சோதனை என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். தொடர்புக்கு ஒட்டுறவுக் கெழு, பல மாறிகள் சேர்ந்து வந்தால் ரிக்ரெஷன், இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட டி-சோதனை, மூன்றும் அதற்கு மேலும் என்றால் அனோவா. "எஸ்பிஎஸ்எஸ் மூலம் பகுப்பாய்வு செய்யப்படும்" என்று புள்ளியியல் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதி நிறுத்துவது சமையலுக்கு அடுப்பு பயன்படுத்தப்படும் என்று சொல்வது போல.

7. அறநெறி ஒப்புதல்

மனிதர்களிடம் கேள்வி கேட்கும் ஆய்வு எதற்கும் இது தேவைப்படலாம். உங்கள் துறையின் விதியைப் பாருங்கள். வழக்கமாகக் கேட்பவை: பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், கேள்வித்தாளின் முழு வரைவு, நிறுவன அனுமதிக் கடிதம், தரவை எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற குறிப்பு. குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இடங்களில் ஒரு படிவம் விட்டுப்போனால் ஒரு மாதம் போய்விடும். ஒப்புதல் வரும் முன் ஒரே ஒருவரிடம்கூடத் தரவு எடுக்காதீர்கள். அந்தத் தரவு செல்லாது என்று சொல்லிவிடலாம்.

பணியாளர்களிடம் "வேலையை விட நினைக்கிறீர்களா" என்று கேட்கும் நம் உதாரணத்தில் இன்னும் கவனம் தேவை. நிரப்பிய தாள் மேலாளர் கைக்குப் போகக் கூடாது. கிளை, வயது, பணிக்காலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட முடியும். வயதை இடைவெளியாகக் கேளுங்கள், கிளைக்குக் குறியீடு கொடுங்கள், மனிதவளத் துறைக்குத் தொகுப்பு முடிவு மட்டுமே போகும் என்று தகவல் தாளில் எழுதுங்கள்.

8. காலமும் செலவும்

கால அட்டவணையைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி மாதம் முழுக்கத் திருத்தத்துக்கும் ஒற்றுமைச் சோதனைக்கும் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் பார்ப்பது). அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் பகுப்பாய்வும் எழுத்தும். தரவுச் சேகரிப்புக்கு இரண்டு மாதம். பண்டிகைக் காலம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம் இரண்டையும் தவிர்த்துவிட்டு எண்ணுங்கள். கடைகள் பரபரப்பாக இருக்கும் நேரத்தில் கேள்வித்தாளோடு போனால் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அதற்கும் முன்னால் அறநெறி ஒப்புதலும் முன்னோட்டமும். கூட்டிப் பார்த்தால் மாதங்கள் போதவில்லையா? ஒரு கேள்வியை வெட்டுங்கள். கால அட்டவணையை நெருக்கிக் காகிதத்தில் சரிசெய்வது உங்களையே ஏமாற்றிக்கொள்வது.

செலவில் விட்டுப்போகும் இனங்கள்: அளவுகோல் உரிமம், மொழிபெயர்ப்பு, அச்சு, கிளைகளுக்குப் போய்வரும் பயணம், நேர்காணலை எழுத்தாக்கும் கூலி, இணையக் கருத்துக்கணிப்புத் தளத்தின் சந்தா, கடைசியில் பைண்டிங். மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. எஸ்பிஎஸ்எஸ் கல்லூரிக் கணினியில் இல்லாவிட்டால் 'ஜமோவி', 'ஜாஸ்ப்', 'ஆர்' மூன்றும் இலவசம். மேற்கோள்களை நிர்வகிக்க 'ஜொடெரோ' இலவசம். முதல் கட்டுரையிலிருந்தே அதில் சேர்த்து வையுங்கள்.

9. எழுதும் வரிசை

படிவத்தில் உள்ள வரிசையில் எழுத வேண்டாம். முதலில் ஆய்வு முறை, பிறகு கேள்விகள், பிறகு முன்னாய்வுகள், அறிமுகம் கடைசியில், தலைப்பின் இறுதி வாசகம் அதற்கும் கடைசியில். செய்யப்போகும் வேலை என்பதால் முறைப் பகுதி எதிர்காலத்தில் இருக்க வேண்டும்: "சேகரிக்கப்படும்", "ஒப்பிடப்படும்". பழைய ஆய்வறிக்கையைப் பார்த்து எழுதியவர்கள் "சேகரிக்கப்பட்டது" என்று விட்டுவிடுவார்கள். படிப்பவருக்கு உடனே சந்தேகம் வரும்.

ஒற்றுமைச் சோதனை அறிக்கையில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேற்கோள் பட்டியலும் அளவுகோலின் கூற்றுகளும்கூட அதில் சேர்ந்து எண்ணைக் கூட்டும். எந்தப் பத்தி சிவப்பாக இருக்கிறது என்று பார்த்து, உங்கள் சொற்களில் திருப்பி எழுதுங்கள்.

10. கொடுத்த பிறகு

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் வரும் கேள்விகள் இவை: ஏன் இந்த நிறுவனம்? ஏன் இத்தனை பேர்? நிறுவனம் பாதியில் மறுத்தால் என்ன செய்வீர்கள்? முடிவு உங்கள் கருதுகோளுக்கு எதிராக வந்தால்? மூன்றாவதுக்கு மாற்று நிறுவனத்தின் பெயரோடு பதில் வைத்திருங்கள். நான்காவதுக்குப் பதில் எளிது: அதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதுவேன்.

திருத்தங்களோடு திரும்பி வருவது வழக்கமானதுதான். ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: அவர்கள் சொன்னது, நீங்கள் மாற்றியது, எந்தப் பக்கத்தில். ஏதாவது ஒன்றை மாற்றவில்லை என்றால் ஏன் என்று அதே தாளில் எழுதுங்கள். அதைத் திருத்திய வரைவுக்கு மேலே வைத்துக் கொடுங்கள். பழைய வரைவுகளை அழிக்காமல் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். இரண்டாம் கூட்டத்தில் வேறு ஒருவர் வந்து, முதல் கூட்டத்தில் நீக்கச் சொன்ன அதே பகுதியைத் திரும்பக் கேட்பது அவ்வளவு அரிதான விஷயமில்லை.